வெறும் இரும்பு

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை. ஐந்து இடத்தில் எர்த் கொடுத்திருக்கிறேன். ஐந்திலும் இரும்பு பளிச்சென்று பல்லைக் காட்டும்வரை சுரண்டி முறுக்கியது என் கை. ட்ரெய்லரைத் தொட்ட தம்பிக்குக் கை ஈரமாக இருந்திருக்கும். இல்லாவிட்டால் விளையாட்டு. அவன் என்றைக்குத்தான் விளையாடாமல் இருந்தான்?

இவ்வளவையும் அவள் நினைத்து முடிப்பதற்குள் கை தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. பின்சுவருக்கு ஓடிப்போய் பிளக்கை உருவி, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். மனம் 'இல்லை, இல்லை' என்று வாதாடும்போதே கை நம்பிவிடுகிறது. இருபத்தாறு வருஷம் ஒயரோடு பழகியதில் வந்த பழக்கம் அது.

"சும்மா சொல்லல அண்ணி," என்றான் கொழுந்தன், உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தபடி. "சிலுசிலுன்னு இருந்துச்சு. எறும்பு ஊர்ற மாதிரி. அண்ணன் இத்தனை வயசுக்கு மேல ஒரு சின்ன வீடு கட்டி, அதையும் தைரியமா வீட்டுக்குப் பின்னாலயே நிறுத்தி வச்சிருக்காரு. அது என்னைத் தொட விடமாட்டேங்குது."

"ஆளைப் பாத்துத்தான் சிலுத்துக்குது," என்றார் டிங்கர். "நான் தொட்டேன், ஒண்ணும் பண்ணல."

"நீங்க செருப்பு போட்டிருக்கீங்கண்ணே," என்றாள் அவள். "தம்பி வெறுங்கால்ல நிக்கிறாரு. புல்லு ஈரம்."

அவள் கணவர் ட்ரெய்லரின் பக்கவாட்டில் மெல்லிய துணியால் ஏதோ ஒரு விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியின் விரல் ரேகையாகத்தான் இருக்கும்.

அவர்கள் மூவரும் ஒரே பட்டறையில் வேலை பார்ப்பவர்கள். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை. டிங்கர் தகடு தட்டுவார். அவள் ஒயர் இழுப்பாள். கணவர் பெயின்ட் அடிப்பார். டிங்கருக்கு அவள் 'தங்கச்சி', அதனால் அவள் கணவர் தானாகவே 'மச்சான்' ஆகிவிட்டார். மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொட்டி மூவரும் சேர்ந்து இந்தச் சின்ன ட்ரெய்லரைச் செய்திருந்தார்கள். இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு மேடை, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், பேட்டரி, நான்கு விளக்கு, ஒரு மின்விசிறி. எங்காவது ஏரிக்கரையில் கரன்ட் கொடுக்கிற முகாமாகப் பார்த்து நிறுத்தி, ஒயரை மாட்டினால் வீடு.

நாளைக் காலை முதல் பயணம். கொழுந்தனின் கார்தான் இழுக்கப்போகிறது. அவன் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உடன் வருகிறார்கள். குழந்தைகள் காலில் செருப்பு போட்டு அவள் பார்த்ததே இல்லை. ஏரித்தண்ணீரில் விளையாடிவிட்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து, இந்தத் தகட்டின்மேல்தான் சாய்வார்கள். மற்றவர்களுக்கு நாளைக்குப் பயணம் தாமதமாகுமா என்பதுதான் கவலை. அவளுக்கு அந்த நாலு ஈரக் கால்களே கண்முன் நின்றன.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. யாரும் தொட வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துவந்தாள். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பிளக்கைத் திரும்பவும் சொருகினாள். மீட்டரின் ஒரு முனையை வீட்டு எர்த்தில் வைத்து, மறுமுனையை ட்ரெய்லரின் இழுவைக் கொக்கியில் தொட்டாள். எண் ஏறிப்போய் நூறு வோல்ட்டை ஒட்டி ஆடிக்கொண்டு நின்றது.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "பாஸ் மார்க்கா அண்ணி?"

"உங்களுக்குப் பாஸு. எனக்கு ஃபெயிலு," என்றாள். பிளக்கை மறுபடி உருவினாள்.

அந்த நூறு ஆளைக் கொல்கிற நூறு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பேட்டரிக்கு ஏற்றுகிற சார்ஜரில் எப்போதும் ஒரு துளி கசியும், அது அதன் சுபாவம். கசிந்த துளி உடம்புத் தகட்டுக்கு வரும். அங்கிருந்து எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்குப் போய்விடும். போகவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு வந்தது துளி. நாளை மேடுபள்ளத்தில் குலுங்கி, ஏதாவது ஒரு ஒயர் தோலுரிந்து தகட்டில் பட்டால் முழு மின்சாரமும் வந்து அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஃபியூஸ் போகாது, விளக்கு அணையாது. எல்லாம் அழகாக எரிந்துகொண்டிருக்கும். யாராவது ஈரக்காலோடு வந்து தொடுகிறவரை.

டிங்கர் யோசனை சொன்னார். "இதுக்கு எதுக்கு தங்கச்சி மண்டைய உடைச்சுக்கணும்? போற இடத்துல நாலடி கம்பிய மண்ணுல அடிச்சு, ஒரு ஒயரை இதுல கட்டிவிடு. எர்த்துன்னாலே மண்ணுதானே?"

"மண்ணு கொஞ்சந்தாண்ணே இழுக்கும். ஃபியூசைப் போக வைக்கிற அளவுக்கு இழுக்காது. ஒயர் வழியாத்தான் போகணும். கொண்டுவந்தவன் கையிலயே திருப்பிக் குடுத்துடணும்."

"அப்ப உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரைப் போட்டுச் சேத்துடேன்?"

"அதுக்கு நீங்க அந்தக் கம்பியாலயே என்னை அடிச்சிடலாம்."

டிங்கர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. முகாமில் யாராவது முனை மாற்றி இணைத்திருந்தால், அந்த ஒரு துண்டு ஒயர் போதும், மொத்த வண்டியும் கரன்ட் கம்பியாகிவிடும். இதையெல்லாம் விளக்கினால் பாடம் நடத்துவதாகிவிடும் என்று விட்டுவிட்டாள். பட்டறையிலும் அப்படித்தான். நிறைய விஷயங்களைச் சொல்லாமலே சரியாகச் செய்துவிட்டுப் போய்விடுவாள்.

பின்கதவைத் தூக்கி ஸ்விட்ச் போர்டைத் திறந்தாள். பிளக்கின் எர்த் முனையில் ஒரு கம்பி, போர்டின் எர்த் பட்டையில் ஒரு கம்பி. மீட்டர் கீச்சென்று நீளமாகக் கத்தியது. இதுவரை வழி இருக்கிறது. எர்த் பட்டையில் ஒன்று, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஒன்று. மீட்டர் வாயைத் திறக்கவில்லை. டிங்கர் என்னவென்று பார்க்க வண்டியின்மேல் கையூன்றினார். கீச். கையை எடுத்தார். மௌனம்.

"கத்திச்சே," என்றார் கணவர். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

"கத்திச்சு. ஆனா நின்னுடுச்சு."

பாயை விரித்து, கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள்.

அடிப்பக்கத்தை அவள் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒயர் வேலையை முடித்த கையோடு பட்டறையில் பன்னிரண்டு பஸ்ஸுக்கு அவசர ஆர்டர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவர் தனியாகவே பெயின்ட் அடித்து முடித்திருந்தார். வெளிப்பக்கத்தைத்தான் அவள் பார்த்திருந்தாள். மயில்கழுத்து நிறம். காலையில் ஒரு நீலம், சாயங்காலம் வேறு நீலம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, தலை வாருகிறவர்களைப்போல் தங்கள் முகத்தை அதில் பார்த்துக்கொள்வார்கள்.

டார்ச்சைப் போட்டவள் அப்படியே கிடந்தாள்.

யாரும் பார்க்கவே போகாத அடிவயிறும் அதே மயில்கழுத்து. அதே கண்ணாடி. குறுக்குச் சட்டங்கள், பற்றவைத்த மூலைகள், சக்கரத்தின் பின்புறம், சேறு அடிக்கப்போகிற ஒவ்வொரு இடுக்கும். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு தூசு ஒட்டவில்லை. டார்ச் வெளிச்சத்தில் தன் மூக்கு நுனி ஒரு சட்டத்தில் தெரிந்தது. இந்த மனுஷன் மல்லாக்கப் படுத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, எத்தனை மணி நேரம் இதைச் செய்திருப்பார்? யாருக்காக? கேட்டால் பதில் சொல்லத் தெரியாது அவருக்கு. பெயின்ட் போகாத இடத்தில் துரு போகும் என்பார், அவ்வளவுதான்.

முதல் எர்த் முனையைத் தேடினாள். இருந்தது. போல்ட்டைச் சுற்றி பெயின்ட் ஒரு வரம்பு கட்டி நிற்கவில்லை, மேலே பூசியதுபோலவும் இல்லை. போல்ட் தனியாக, ஒயரின் நுனியில் மாட்டிய லக்கு தனியாக, சட்டம் தனியாக. கழற்றி, பூசி, காயவிட்டு, திரும்ப மாட்டியிருக்கிறார். அவள் நகத்தால் தட்டிப் பார்த்தாள். லக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவள் போட்ட பல் வைத்த வாஷர் இல்லை. அந்த இடத்தில் மெல்லிசாக, கச்சிதமாக, ஒரு ரப்பர் வாஷர்.

பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது என்று.

இரண்டாவதிலும். மூன்றாவதிலும். ஐந்திலும்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அதை நினைத்தால் அவளுக்கே வியப்பாக இருந்தது. முதலில் வந்தது ஒரு பழைய நாள். பட்டறையில் சேர்ந்த புதிது. பஸ்ஸுக்கு மறு பெயின்ட். மற்ற பெயின்டர்கள் விளக்கு வளையங்களைச் சுற்றிக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஒல்லியாக ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியவற்றை ஒரு செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எது எந்த இடம் என்று குறித்து வைத்திருந்தார். "சுத்திப் பூசறவன் பெயின்டர் இல்லீங்க, கழட்டிப் பூசறவன்தான்," என்று அவளிடம் சொன்னார், அவள் கேட்காமலே. அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். வீட்டில் சொல்ல இன்னும் எட்டு மாதம் ஆயிற்று, அது வேறு கதை.

சோம்பேறி பெயின்டராக இருந்திருந்தால் போல்ட்டின் மேலேயே அடித்துவிட்டுப் போயிருப்பார். உள்ளே இரும்பும் இரும்பும் ஒட்டியபடியே இருந்திருக்கும். வண்டி பத்திரமாக இருந்திருக்கும். நல்ல பெயின்டராக இருந்ததால்தான் இந்த வினை.

அப்புறம்தான் இன்னொன்று வந்தது. அதற்குக் கோபம் என்று பெயர் வைக்க முடியாது. பட்டறையில் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அவள். கூடு எலும்பாக நிற்கும்போது ஒயர் இழுப்பாள். ஒவ்வொரு வளைவிலும் கிளிப், ஒவ்வொரு ஓட்டையிலும் உறை, நிறம் நிறமாக, நரம்பு ஓடுவதுபோல். அப்புறம் டிங்கர் வந்து தகட்டை மூடுவார். அப்புறம் அவர் வந்து பூசுவார். பஸ் வெளியே போகும்போது எல்லோரும் சுற்றிவந்து, "என்ன பெயின்டுப்பா!" என்பார்கள். அவளும் சொல்வாள். பொய்யில்லை, மனதாரச் சொல்வாள். இருபத்தாறு வருஷமாக அவள் செய்ததன்மேல் இந்தக் கைதான் கடைசியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இருந்ததில்லையா?

சட்டத்தில் தெரிந்த தன் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"தங்கச்சி, தூங்கிட்டியா?" டிங்கரின் கால்கள் பக்கத்தில் வந்து நின்றன.

வெளியே நகர்ந்து வந்தாள். முடியில் புல் ஒட்டியிருந்தது. எப்படிச் சொல்வது? டிங்கர் இருக்கிறார். தம்பி இருக்கிறான், நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்வான். நாளை ஏரிக்கரையில் கேட்கிறவர்களிடமெல்லாம் இந்தப் பெயின்ட்டைப் பற்றி அவர் எப்படிச் சொல்லப்போகிறார் என்று ஒரு வாரமாகக் குளிக்கும்போதுகூட ஒத்திகை பார்த்ததை அவள் கேட்டிருக்கிறாள்.

"என்னங்க," என்றாள். "எர்த் போல்ட்டையெல்லாம் கழட்டினீங்களா?"

"பின்னே?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த முகம். "கழட்டாம எப்படி? நீ சுரண்டி வச்சிருந்த இடமெல்லாம் வெறும் இரும்பு. ஒரு மழைக்குத் தாங்குமா? பிரைமர் ஒரு கை, கலர் மூணு கை, மேல கிளியர் ரெண்டு கை. வாஷரும் பல்லு பல்லா கீறிக்கிட்டு இருந்துச்சு. அதான் ரப்பர் வாங்கிப் போட்டேன். பாத்தியா, எப்படி உக்காந்திருக்குன்னு?"

"பாத்தேன். ரொம்ப நல்லா உக்காந்திருக்கு."

அவள் குரலில் இருந்ததை டிங்கர் பிடித்துவிட்டார். வாயருகே கொண்டுபோன டீ டம்ளர் நின்றது. "ஐயோ மச்சான்," என்றார் மெல்ல.

"என்ன ஐயோ?"

"கரன்ட்டுக்குப் பெயின்ட் பிடிக்காதுங்க," என்றாள் அவள். "இரும்போட இரும்பு ஒட்டணும். அதுக்காகத்தான் சுரண்டினேன். அந்தப் பல்லு கீறணும்னுதான் போட்டேன். கீறினாத்தான் பிடிப்பு. இப்ப நடுவுல ஆறு கை பெயின்ட்டும் ரப்பரும் இருக்கு. என் ஒயரு வந்து வாசல்லயே நிக்குது. உள்ள போக முடியல."

கொழுந்தன் கைகொட்டிச் சிரித்தான். "ஆக, அண்ணன் அடிச்ச பெயின்ட்டுதான் என்னை அடிச்சுதா! இதுவரைக்கும் அண்ணன் கைதான் அடிக்கும்."

"டேய், சும்மா இரு," என்றார் கணவர்.

"மீட்டர் கத்திச்சே," என்றார் மறுபடியும், அவளைப் பார்த்து. குரல் இறங்கியிருந்தது. "ஒரு தடவை கத்திச்சுல்ல?"

"போல்ட்டு மரை எங்கயோ ஓரமா உரசுதுங்க. அண்ணன் சாஞ்சா ஒட்டுது, விட்டா விலகுது. ரோட்டுல போனா என்ன ஆகும்?"

"நாளைக்கு ஒரு நாள்தானே. போயிட்டு வந்து..." என்று தொடங்கியவர், புல்லின்மேல் நின்றிருந்த தம்பியின் வெறுங்கால்களைப் பார்த்தார். தம்பியும் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐஞ்சு இடத்துலயும் சுரண்டணுமா?" என்றார் கணவர்.

"ஐஞ்சுலயும்."

அவர் துணியை நான்காக மடித்தார். இன்னொரு முறை மடித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

"கோவிச்சுக்கிட்டாரு," என்றான் கொழுந்தன். "அண்ணி, நீங்க போய் சமாதானம் பண்ணுங்க. இல்லேன்னா நாளைக்கு நான் வெறும் காரை இழுத்துக்கிட்டுத்தான் போகணும்."

"அவரை விடு," என்றார் டிங்கர். "பெத்த பிள்ளைய மொட்டையடிக்கச் சொன்ன மாதிரி இருக்கும் மச்சானுக்கு."

அவள் போகவில்லை. சமாதானம் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. தான் சொன்னது சரி. சரியாக இருப்பதில் இவ்வளவு சங்கடம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கருவிப் பெட்டியில் பல் வாஷர்களைத் தேடினாள். ஐந்து தேறின. எண்ணெயில் துடைத்து வரிசையாக வைத்தாள். வைத்த பிறகுதான் கவனித்தாள், அவர் வளையங்களை அடுக்கியதுபோலவே அடுக்கியிருக்கிறாள்.

கால்மணி நேரம் கழித்து அவர் வந்தார். கையில் உப்புத்தாள், ஒட்டுநாடா, ஒரு கூர்க்கத்தி, பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற வட்டம் போடும் கவராயம். பழைய சட்டைக்கு மாறியிருந்தார்.

"எவ்வளவு பெரிசு வேணும்?" என்றார்.

"என்னது?"

"வட்டம். இரும்பு தெரிய வேண்டியது. எவ்வளவு பெரிசு?"

அவள் லக்கை எடுத்துக் காட்டினாள். "இதைவிட ஒரு நூல் கூட இருந்தாப் போதும்."

"நான் சுரண்டுறேன்மா, நீ..." என்று டிங்கர் முன்வந்தார்.

"நீ சும்மா இரு. தகடு தட்டுற கை அது," என்றார் அவர். ஸ்பானரை அவளிடம் நீட்டினார். "நீ கழட்டு. நான் சுரண்டுறேன்."

இருவரும் அருகருகே மல்லாந்து நகர்ந்து வண்டிக்கு அடியில் போனார்கள். இடம் குறுகல். அவர் தோள் அவள் தோளில் இடித்தது. வெளியே கொழுந்தன், "பாருங்கண்ணே, கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் தனியா ஒதுங்க இடம் தேடுறாங்க," என்றது கேட்டது. அவர் உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அவள் முதல் போல்ட்டைக் கழற்றினாள். ரப்பர் வாஷரை எடுத்து அவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓட்டைக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி, அதன் நடுவில் கவராய முள்ளைக் குத்தி, பளபளப்பின்மேல் வட்டம் போட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு கத்தியால் அந்த வட்டத்தின் மேலேயே ஒரு சுற்று. வட்டத்துக்கு வெளியே ஒட்டுநாடா. பிறகுதான் உப்புத்தாளைத் தொட்டார்.

கிளியர் முதலில் வெண்மையாகப் பொடிந்தது. மயில்கழுத்து மங்கி, சாம்பலாகி, அடியில் பிரைமரின் செங்கல் நிறம் எழுந்தது. ஒவ்வொரு படியாகத் தான் ஏறிவந்த படிகளில் அவர் இறங்கிக்கொண்டிருந்தார். பொடி அவர் கண்ணிமையில் விழுந்தது. அவள் தன் முந்தானை முனையால் ஒற்றி எடுத்தாள். உப்புத்தாள் சரக், சரக் என்று ஓடியது. சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து, அடுத்தது, அதற்கும் மென்மையானது என்று மாற்றினார். இரும்பு தெரிந்துவிட்டதே, போதுமே என்று அவள் சொல்ல நினைத்தாள்.

ஒட்டுநாடாவை அவர் உரித்தபோது அவள் முகத்தை அருகே கொண்டுபோனாள். நீலக் கண்ணாடியின் நடுவில் வெள்ளிக்காசு பதித்ததுபோல் ஒரு வட்டம். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அவள் தன் வாழ்நாளில் சுரண்டிய ஆயிரம் இடங்களில் ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை. அவசரத்தில் அரத்தால் தேய்த்த, கோணல் மாணலான, நாய் கடித்ததுபோன்ற இடங்கள் அவை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று செய்தவை. இந்த மனிதருக்குப் பூசத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். பூசியதை எடுக்கும்போதும் அதே கைதான்.

"நல்லா இருக்கா?" என்றார்.

"உங்களுக்கு வெறும் இரும்பைக்கூட அழகு பண்ணத் தெரியுதுங்க."

"இதை யாரும் இதுவரை என்கிட்ட கேக்கல," என்றார் அவர், யோசித்தபடி. "எல்லாரும் மூடத்தான் கேப்பாங்க."

ஐந்தும் முடிய மதியம் தாண்டிவிட்டது. பல் வாஷரை வைத்து, லக்கை வைத்து, அவள் முறுக்கினாள். கடைசி கால் சுற்றில் பற்கள் இரும்பைக் கவ்வுகிற அந்தச் சின்ன நெருடல் ஸ்பானர் வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்தது. "தெரியுதா?" என்று அவர் கையைப் பிடித்து ஸ்பானரில் வைத்தாள். அடுத்த முனையை அவர்தான் முறுக்கினார். கடைசிச் சுற்றில் புருவத்தைத் தூக்கினார். "கடிக்குது," என்றார், குழந்தைக்குப் பல் முளைத்ததைக் கண்டவர்போல.

மீட்டரை வைத்தாள். விடாமல் கத்தியது. டிங்கரைச் சாயச் சொன்னாள், விலகச் சொன்னாள், இழுவைக் கொக்கியைப் பிடித்து வண்டியையே குலுக்கச் சொன்னாள். கத்தல் ஒரு இமைப்பொழுதும் அறுபடவில்லை. பிளக்கைச் சொருகி மறுபடி அளந்தாள். பூஜ்யத்தைவிட்டு எண் அசையவில்லை.

"தம்பி, வாங்க. செருப்பு வேண்டாம். கையை வைங்க."

"என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் அண்ணி."

"அவ ரெண்டு கையையும் வைக்கச் சொல்லுவா," என்றார் டிங்கர்.

அவனைக் காத்திருக்காமல் அவளே செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்றாள். உள்ளங்கையை மயில்கழுத்தின்மேல் அழுத்தினாள். வெயிலின் சூடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. கொழுந்தனும் ஒரு விரலை வைத்தான், பிறகு கையை, பிறகு கன்னத்தையே கொண்டுபோய் வைத்தான். "சமாதானமாயிடுச்சு," என்றான். அவன் விட்ட கன்ன அச்சைக் கணவர் துடைக்கப் போகவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

டிங்கரும் கொழுந்தனும் சாப்பிட உள்ளே போனார்கள். அவள் கருவிகளை எடுத்து வைக்கத் திரும்பினாள். அவர் வண்டிக்கு அடியில் போய்விட்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. குனிந்து பார்த்தாள். மார்பின்மேல் ஒரு சின்னக் கிண்ணம், அதில் இரண்டு ஸ்பூன் மயில்கழுத்து. விரலிடுக்கில் மெல்லிய தூரிகை. அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு கெஞ்சல் வந்தது.

"இப்பத்தான் முறுக்கியாச்சுல்ல," என்றார். "உள்ள இரும்போட இரும்பு ஒட்டிக்கிச்சு. இனிமே மேல ஒரு கை விட்டா கரன்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?"

அவள் பாயில் உட்கார்ந்தாள். பொய் சொல்லலாம். ஆகும் என்று சொன்னால் அவர் உடனே கிண்ணத்தை மூடிவிடுவார். இந்த விஷயத்தில் அவள் வார்த்தையை இனிமேல் அவர் தாண்டமாட்டார்.

"ஆகாது," என்றாள்.

"அப்ப ஐஞ்சையும் மூடிடுறேன். அஞ்சு நிமிஷம். போல்ட்டு, லக்கு, சுத்தி இருக்கிற வட்டம், எல்லாம் ஒரே கலரா ஆயிடும். நீ இங்க ஏதாவது செஞ்சியான்னே யாருக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தமா பண்ணிடுவேன்."

அன்பாகத்தான் சொன்னார். தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததைத் தருகிற குரல். அவரால் முடியும் என்பதும் அவளுக்குத் தெரியும். முதல் முனையில் போல்ட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளி வளையம் தெரிந்தது. பின்னால் வருகிற வெயில் அதில் பட்டு அவர் தாடையில் ஒரு பொட்டு வெளிச்சமாக விழுந்திருந்தது.

"வேண்டாங்க," என்றாள்.

"துருப் பிடிக்கும்மா."

"கிரீஸ் தடவிடுறேன். மாசத்துக்கு ஒரு தடவை துடைச்சுட்டுத் திரும்பத் தடவுறேன்."

"பளிச்சுன்னு தெரியுமே. யாராவது குனிஞ்சு பாத்தா..."

"பாக்கட்டும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தூரிகையின் நுனியில் ஒரு சொட்டு நீலம் திரண்டு கனத்துத் தொங்கியது. அவள் கையை நீட்டி, அது விழுவதற்கு முன் கிண்ணத்தை அதன் அடியில் நகர்த்திவைத்தாள். பிறகு கிரீஸ் டப்பாவைத் திறந்து, சுண்டுவிரலால் ஒரு துளி எடுத்து, வெள்ளி வளையத்தைச் சுற்றி மெதுவாகத் தடவ ஆரம்பித்தாள். இரும்பு அதற்குள்ளும் தெரிந்தது.